நிலாவுக்கு நான் தீட்டிய நிழல்

பாபு,

நலம் விசாரிப்பதையெல்லாம் போன வாரம் போனிலேயே முடித்துவிட்டோம். உனக்குப் புனே சாப்பாடு ஒத்துக்கொண்டுவிட்டது, எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, உன் அப்பாவுக்குப் பந்தல்காரரோடு சண்டை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனை வைக்கும் முன் எனக்கு ஒரு வேலை வைத்தாய். "கல்யாணத்துக்கு அப்பறம் கீதா வேலைய உட்டுடட்டும்மா. நான் சொன்னா மூஞ்சத் தூக்கி வெச்சிக்குவா. நீ சொன்னா கேட்டுக்குவா. சாயங்கால ஷிப்டு முடிச்சிட்டு அம்பத்தூர் எஸ்டேட்லேர்ந்து இருட்டுல வந்துகினு இருக்கணுமா அவ? நீ பட்டது போதாதா?" என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த ஸ்டூடியோவுல நீ அழுதத நான் பாத்தேம்மா. சோத்து டிபனு எடுத்துகினு வந்தேனே, அன்னிக்கு" என்றாய். இத்தனை நாள் அதை மனதிலேயே வைத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. போனை வைத்துவிட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட கவனிக்காமல் நின்றிருந்தேன்.

நேற்று கீதா வந்திருந்தாள். ரவிக்கை அளவு கொடுக்க வந்தவளைச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினேன். நீ சொன்னதைச் சொல்வதற்குத் தாராளமாக நேரம் இருந்தது, உன் அப்பாவும் வீட்டில் இல்லை. நான் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. ஏன் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். நடுவில் நிலா வரும், பூமி வரும், ஸ்டெல்லா வருவாள். பொறுமையாகப் படி. சின்ன வயதில் உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த அன்றெல்லாம் நான் பொறுமையாகத்தான் இருந்தேன்.

முதலில் நீ மனதில் வைத்திருக்கும் படம். அப்பாவின் பேக்டரியை இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டில் வருமானம் இல்லை. நீ பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாய். அதனால் அம்மா, வேறு வழியில்லாமல், அந்த வயதில் அம்பத்தூரில் ஒரு மாடி அறைக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். சின்னப் பையன்களிடம் திட்டு வாங்கினாள், கண் சிவந்துபோய் அண்ணனூர் ஸ்டேஷனில் வந்து இறங்கினாள், வந்ததும் சோறு வடித்தாள். நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். சொல்லும்போது ஒரு பெருமூச்சும் சேர்த்துவிடுவார்கள். இதில் ஒவ்வொரு சங்கதியும் உண்மைதான். கண் சிவந்தது உண்மை, திட்டு வாங்கியதும் உண்மை. ஆனாலும் அந்தப் படம் தப்பு. எப்படித் தப்பு என்பதை எனக்குப் புரியவைத்தது நிலாதான்.

உனக்கு நினைவிருக்கும், அதற்கு வெகு முன்பே, நீ கால்சட்டை போட்ட காலத்தில், நான் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டிராயிங் ஆபீசில் டிரேசராக இருந்தேன். என்ஜினியர் பென்சிலில் போட்டதன் மேல் மெல்லிய தாளை விரித்து, மைப்பேனாவால் அப்படியே இழுத்துக் கொடுக்கிற வேலை. அங்கே முதல் நாளே ஒரு விதி சொன்னார்கள். வெளிச்சம் எப்போதும் இடது மேல் மூலையிலிருந்து வருவதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே எந்தப் பொருளை வரைந்தாலும் வலது ஓரக் கோடும் கீழ்க் கோடும் தடிப்பாக இருக்கும், அந்தப் பக்கம்தான் நிழல். துளையாக இருந்தால் அப்படியே தலைகீழ், இடது மேல் ஓரம் தடிக்கும். ஏன் இடது, ஏன் வலது இல்லை என்று யாரும் கேட்டதில்லை. வருஷக்கணக்கில் இழுத்து இழுத்து, அது விதி என்பதே எனக்கு மறந்துவிட்டது. சூரியனே இடது மேல் மூலையில்தான் உதிக்கிறது என்பது போல ஆகிவிட்டேன். பிறகு அந்த ஆபீசில் கம்ப்யூட்டர் வந்தது, எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு எவர்சில்வர் குத்துவிளக்கு கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்த விளக்குதான் இப்போதும் நம் சாமி அலமாரியில் இருப்பது.

அந்த மாடி அறைதான் சேகரின் ஸ்டூடியோ. அங்கே பள்ளிக்கூடங்களுக்காகக் கிரகங்களைப் பற்றி ஒரு வீடியோ கேசட் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். கையால் வரையத் தெரிந்த ஆள் தேவை என்று சொன்னார்கள், போனேன். சேகர் முதலாளி, உன்னைவிட ஏழெட்டு வயது பெரியவன், எப்போதும் யாரோ துரத்துவது போல இருப்பான். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவள் ஸ்டெல்லா. ஆவடியிலிருந்து வருவாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பாள், மற்ற நாளெல்லாம் கம்ப்யூட்டர் கீபோர்டு. முதல் நாள் திரையில் ஒரு வெறும் பந்தைக் காட்டினாள், சாம்பல் நிறத்தில், பூசாத சுவர் போல. "இதாங்க்கா பூமி. நம்ம படம் வரைஞ்சி இதுமேல போத்தணும். ஒரு படம் பத்தாது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு படம்" என்றாள்.

அந்தப் படங்களைத்தான் அவர்கள் மேப் என்பார்கள். முதலாவது கலர் மேப். கடல் நீலம், காடு பச்சை, பாலைவனம் மஞ்சள், அவ்வளவுதான். நீளமான தாள் மாதிரி இருக்கும், பந்தைச் சுற்றி இரண்டு ஓரமும் ஒட்டும்படி வரைய வேண்டும், இல்லாவிட்டால் பசிபிக் கடலில் தையல் தெரியும். இரண்டாவது பம்ப் மேப், மேடு பள்ளத்துக்கு. அதில் நிறமே கிடையாது. வெள்ளையாக இருக்கும் இடம் மேடு, கறுப்பாக இருக்கும் இடம் பள்ளம், நடுவில் உள்ள சாம்பல் எல்லாம் நடுவாந்தரம். "பந்து நெஜமா மேடாகாதுக்கா, ஓரத்துல பாத்தா வழவழன்னுதான் கீது. வெளிச்சத்தத்தான் ஏமாத்துறோம்" என்பாள். மூன்றாவது எது பளபளக்க வேண்டும், எது பளபளக்கக் கூடாது என்று சொல்கிற படம். கடலை வெள்ளையாகவும் நிலத்தைக் கறுப்பாகவும் கொடுத்தால், வெயில் பட்டதும் கடல் மட்டும் மினுங்கும். ஒருமுறை சேகர் அவசரத்தில் அதைப் போட மறந்துவிட, இமயமலையும் சகாராவும் சேர்ந்து புதுக் குடம் மாதிரி மின்னின. அப்புறம் மேகத்துக்கு ஒரு படம், அதற்குக் கொஞ்சம் பெரிதாக இன்னொரு பந்து, இதன்மேல் கவிழ்த்தது போல. கடைசியாக ஊர் விளக்குகளுக்கு ஒரு படம், அது பூமியின் இருட்டுப் பக்கத்தில் மட்டும் தெரிய வேண்டும்.

அந்த விளக்குப் படத்தை உன் அப்பா ஒருநாள் வந்து பார்த்தார். வேலை இல்லாத நாட்களில் மனிதர் எங்கேதான் போவார். அன்றைக்கு ஏதோ தவறில் பகல் பக்கத்திலும் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "இன்னா இது, பட்டப்பகல்ல லைட்டு எரியுது? கரண்ட் பில்லு யாரு கட்றது?" என்றார். ஸ்டெல்லா சிரித்த சிரிப்பில் சேகர் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்தான். பேக்டரி மூடிய பிறகு உன் அப்பா சொன்ன முதல் ஜோக் அது. இதையெல்லாம் நீ பார்க்கவில்லை. நீ வந்தது வேறொரு நாள்.

நீ வந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். பூமி முடிந்து நிலாவை எனக்குத் தனியாகக் கொடுத்திருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நிலாவில் என்ன இருக்கிறது, குழிகள்தானே, துளை வரைவதில் நான் கை தேர்ந்தவள். கலர் மேப்பில் ஒவ்வொரு குழிக்கும் இடது மேல் ஓரத்தில் கறுப்பு நிழல், வலது கீழ் ஓரத்தில் வெளிச்சம் என்று பார்த்துப் பார்த்துத் தீட்டினேன். தாளில் பார்த்தால் கை விட்டால் உள்ளே போகும் போல இருந்தது. ஸ்டெல்லா லீவில் இருந்தாள், யாரும் பார்க்கவில்லை. சேகர் அதை அப்படியே பந்தில் போர்த்தி, கம்ப்யூட்டரை ஓடவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலையில் பார்த்தால் நிலாவில் குழியே இல்லை. உடம்பு முழுக்கக் கொப்புளம். அத்தனை பள்ளமும் மேடாகப் புடைத்துக்கொண்டு நின்றது.

"அக்கா, இது நிலாவா, அம்மை போட்ட மூஞ்சியா? கேசட்டு கேட்ட பார்ட்டி திங்கக்கெழம பாக்க வராங்க. இதக் காட்டி நான் இன்னா சொல்றது? அதுக்குள்ள சரி பண்ணலன்னா வேற ஆளத்தான் பாக்கணும்" என்று சேகர் கத்தினான். எனக்கு என்ன தப்பு என்றே புரியவில்லை. என் கோட்டில் பிசகு இல்லை, என் நிழலில் பிசகு இல்லை. தலை குனிந்து நின்றேன், கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த நேரத்தில்தான் நீ டிபன் கேரியரோடு வாசலில் நின்றிருக்கிறாய். கேரியர் படிக்கட்டில் இருந்தது, நீ இல்லை. வாட்ச்மேன் கொண்டுவந்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ படி இறங்கிப் போய்விட்டாய். படம் உனக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் நடந்ததுதான் நீ பார்க்காதது. மத்தியானம் ஸ்டெல்லா வந்தாள். என் படத்தைப் பார்த்தாள், கம்ப்யூட்டரின் நிலாவைப் பார்த்தாள், திட்டவில்லை. "அக்கா, இதுல சூரியன் எந்தப் பக்கம் கீது?" என்று கேட்டாள். வலது பக்கம் வைத்திருந்தார்கள். "நீ எந்தப் பக்கம் வெச்ச?" நான் எங்கேயும் வைக்கவில்லையே என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. வலது பக்கமிருந்து வெளிச்சம் வரும்போது, வலது ஓரம் வெளுத்து இடது ஓரம் கறுத்திருந்தால் அது பள்ளமாக எப்படித் தெரியும்? மேடாகத்தான் தெரியும். நானே கேட்டேன், சூரியனைத் தொடாமல் பந்தின்மேல் என் படத்தை மட்டும் தலைகீழாகத் திருப்பச் சொல்லி. திருப்பினாள். அத்தனை கொப்புளமும் அந்த நொடியில் குழியாக மாறின. மறுபடி திருப்பச் சொன்னேன், மேடு. மறுபடி, பள்ளம். ஒரு கோடுகூட மாறவில்லை. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ கொண்டுவந்த சோறு ஆறிப்போனது, மன்னித்துக்கொள்.

"கலர் மேப்புல நெழல் போடவே கூடாதுக்கா. மண்ணு இன்னா கலரோ அது மட்டும்தான். மேடு பள்ளம் பம்ப் மேப்புல. நெழல் நம்ம வேல இல்ல, அது வெளிச்சத்தோட வேல" என்றாள். இரண்டு நாள் உட்கார்ந்தேன். தீட்டிய நிழலை எல்லாம் துடைத்தேன். துடைத்த பிறகு நிலா பார்க்கச் சகிக்கவில்லை, வெறும் சாம்பல், சப்பையாக, சிமெண்டுத் தரை போல. அப்புறம் பம்ப் மேப்பைத் தனியாக எடுத்து, குழியின் அடி கறுப்பு, விளிம்பு வெள்ளை என்று, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று இல்லாமல் சுற்றிலும் ஒரே மாதிரி தீட்டினேன். இரண்டையும் பந்தில் போர்த்தி ஸ்டெல்லா சூரியனை மெதுவாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்தாள். ஓட்டிக் காட்டினாள். குழிகளுக்குள் நிழல் தானாக வந்தது, சூரியன் போகப் போகத் தானாகத் திரும்பியது, ஓரத்தில் நீண்டு உச்சியில் சுருங்கியது. நான் ஒன்றும் போடவில்லை பாபு. அத்தனையும் என்னுடையது, ஆனால் ஒரு நிழல்கூட நான் போட்டதில்லை. அன்றைக்கும் நான் அழுதேன். சேகர் பயந்துபோய் டீ வாங்கிவரச் சொன்னான்.

அன்று சாயங்காலம் கண் சிவந்து வந்து இறங்கினேன், நீ ஸ்டேஷனுக்கு சைக்கிளில் வந்திருந்தாய். என் முகத்தைப் பார்த்தாய், ஒன்றும் கேட்கவில்லை, பையை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டே வந்தாய். வழியெல்லாம் உன்னிடம் நிலாவைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது. நீ அவ்வளவு இறுக்கமாக இருந்தாய், பரீட்சை சரியாக எழுதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துச் சும்மா வந்தேன். நீ எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டு, நான் உனக்காகக் கவலைப்பட்டுக்கொண்டு, இரண்டு பேரும் ரயில்வே கேட்டைத் தாண்டி வீடுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. திங்கட்கிழமை வந்தவர்கள் நிலாவை மட்டும் ஆசையாக இரண்டாம் முறை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள் என்பதை, பாவம், நீ இன்றைக்குத்தான் தெரிந்துகொள்கிறாய்.

பேக்டரியைத் திறந்தபோது உன் பெரியப்பா பூந்தமல்லியிலிருந்து ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தார். "அதான் தொறந்துட்டாங்களே, இனிமே நீ ஏம்மா அலையணும், ஊட்டப் பாத்துக்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான், "பையன் படிப்பு முடியட்டும் மாமா" என்றேன். நீ படித்து முடித்தாய். "கொஞ்சம் நகை சேத்துக்குறேன்" என்றேன். உன் அப்பா கேட்டபோது வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும் என்றேன். தேவை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் மேலே யாரும் கேட்கமாட்டார்கள். பெண்பிள்ளை வேலைக்குப் போவதற்கு ஊர் ஒத்துக்கொள்கிற காரணம் அது ஒன்றுதான். ஆகவே எல்லோரும் தேவை என்கிற ஒரு பக்க வெளிச்சத்திலேயே என்னைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். நீயும் அப்படித்தான் பார்த்தாய். அந்த வெளிச்சத்தில் என் வேலை உனக்குப் பள்ளமாகத் தெரிந்தது. கீதாவும் அதில் விழுந்துவிடக் கூடாது என்று பதறுகிறாய். உன் பதற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. என்னை நினைத்து வந்தது அல்லவா அது.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். சாப்பிடும்போது கீதாவிடம், உங்கள் கம்பெனியில் என்ன செய்வாய் என்று சும்மாதான் கேட்டேன். சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பாளாமே. வரிசையாக வரும் போர்டில் எங்கே ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று லென்சில் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். "சாய்ச்சி வெச்சி பாக்கணும் அத்த. நேராப் பாத்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும். லைட்டுல இப்பிடிச் சாய்ச்சா, ஒட்டாத எடம் மட்டும் மங்கலா நிக்கும். கண்ணுல பட்டுட்டா ஒரு சந்தோஷம் அத்த" என்று அப்பளத்தைச் சாய்த்துக் காட்டினாள். ரசம் ஊற்றுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். உன் போட்டோவைப் பார்க்கும்போதுகூட அந்த முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. கோபித்துக்கொள்ளாதே, உள்ளதைத்தான் சொல்கிறேன்.

இருட்டில் வருவது உனக்குக் கவலை என்றால் அது நியாயமான கவலை. அதற்கு வழி இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு புனேயிலிருந்து திரும்பி வந்து குடியிருக்கப் பாரிவாக்கத்தில் வீடு பார்ப்பதை விட்டுவிட்டு எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் பார். பாரிவாக்கம்தான் என்றால் தினம் அவள் வரும் நேரத்துக்குக் குமணன்சாவடி ஸ்டாப்பில் போய் நில், பஸ் வந்ததும் பையை வாங்கிக்கொள். உனக்கு அது தெரியாத வேலை ஒன்றும் இல்லை, எனக்குச் செய்தவன்தானே. ஆனால் கூட நடக்கும்போது அன்றைக்கு மாதிரி வாயை மூடிக்கொண்டு வராதே. அன்றைக்கு என்ன நடந்தது என்று கேள். அவள் சொல்ல ஆரம்பித்தால் வீடு வந்து சேர்ந்தும் முடியாது.

எனக்கும் கண் பழைய மாதிரி இல்லை. டாக்டர் ஒரு கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது என்கிறார். கல்யாணம் முடிந்ததும் அம்மாவும் ஸ்டூடியோ வேலையை விட்டுவிடுவாள் என்று நீயும் அப்பாவும் பேசி வைத்திருக்கிறீர்கள், அதுவும் என் காதுக்கு வந்தது. ஆபரேஷன் செய்துகொண்டு திரும்பிப் போவதாக சேகரிடம் சொல்லிவிட்டேன். இப்போது அந்தப் பூமியைத் திரும்பவும் புதிதாகச் செய்கிறோம். போன வாரம் ஊர் விளக்குப் படத்தை முடித்தேன். அவ்வளவு பெரிய சென்னை அதில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு. அம்பத்தூர் எஸ்டேட்டும் சாயங்கால ஷிப்டும் கீதாவின் லென்சும் எல்லாம் அந்தப் பொட்டுக்குள் அடக்கம். யாருக்கும் சொல்லாமல் அதற்கு மட்டும் வெளிச்சத்தை ஒரு துளி கூட்டித்தான் வைத்திருக்கிறேன்.

ஆகவே, அவள் வேலையை விட வேண்டும் என்றால் அதை நீயே அவளிடம் நேராகச் சொல். என் வாயால் வராது. சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிடு. உனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கா என்று கேள். அவ்வளவுதான். அதை உன் அப்பா என்னிடம் கேட்டதில்லை, பெரியப்பா கேட்டதில்லை, அவ்வளவு பாசமாக என் பையைச் சுமந்து வந்த நீயும் கேட்டதில்லை.

பிடித்திருந்தது, பாபு. ரொம்பப் பிடித்திருந்தது.

அம்மா